ஒரு வரிக்குள் ஒரு தடித்த சொல்: மொபைல் செயலிகளில் ரிச் டெக்ஸ்ட்

பேருந்து மாலை 6 மணிக்குக் கிளம்பும்.

ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தால் செயலியில் இப்படி ஒரு வரி வரும். அதில் 'மாலை 6 மணிக்குக்' என்ற பகுதி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தால் அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் சட்டென்று படும். வடிவமைப்பாளர் படத்தில் அப்படித்தான் வரைந்து கொடுத்திருப்பார். அதை நிரலில் (கோடில்) கொண்டுவர உட்காரும்போதுதான் புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் முட்டல் வருகிறது. லேபிளை, அதாவது திரையில் உரையைக் காட்டும் பெட்டியை, போல்டாக்கினால் வரி முழுக்கப் போல்டாகிறது. ஒரே ஒரு துண்டை எப்படித் தடிக்க வைப்பது?

என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரே வழியைத்தான் முயன்றார்கள். மூன்று லேபிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் உள்ளதை மட்டும் போல்டாக்குவது. அவர்கள் மேசையில் இருக்கும் பெரிய போனில் அது சரியாகத்தான் தெரியும். சின்னத் திரையுள்ள போனில் திறந்து பாருங்கள். வரி மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல், மூன்று லேபிளும் தனித்தனித் தூண்களாக நின்று, 'கிளம்பும்' ஓர் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக நிறுத்தி நிறுத்திப் படிக்கும். வரியை காப்பி செய்ய நினைப்பவருக்கு ஒரு துண்டு மட்டும்தான் கையில் சிக்கும்.

வரி ஒன்றாகவே இருக்க வேண்டும், தோற்றம் மட்டும் இடத்துக்கு இடம் மாற வேண்டும். அதற்காக இருப்பதுதான் ரிச் டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்.

உரையும் பென்சில் குறியும்

பரீட்சைக்குப் படிக்கும்போது பாடப்புத்தகத்தில் பென்சிலால் அடிக்கோடு போடுவோம். அச்சில் உள்ள ஓர் எழுத்தும் அதனால் மாறுவதில்லை. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டும் கூடுதலாகச் சேர்கிறது. ரிச் டெக்ஸ்டும் இதே மாதிரிதான். உள்ளே இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, வெறும் உரை. இன்னொன்று, அந்த உரையின் மேல் போட்ட குறிப்புகளின் பட்டியல். ஒவ்வொரு குறிப்பும் மூன்று செய்திகளைச் சொல்லும்: எங்கிருந்து, எதுவரை, என்ன.

நம் பேருந்து வரியை இப்படி எழுதலாம்:

உரை: பேருந்து மாலை 6 மணிக்குக் கிளம்பும்
குறிப்பு: 9 முதல் 25 வரை, போல்டு

இன்னொரு குறிப்பும் சேர்க்கலாம். அதே இடத்துக்குச் சிவப்பு நிறம், அல்லது அதில் பாதியை மட்டும் தொடும் அடிக்கோடு. குறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளலாம். திரையில் வரையும் நேரத்தில் கணினி எல்லாக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்து, எந்தத் துண்டுக்கு எந்தத் தோற்றம் என்று முடிவு செய்யும்.

இந்த 9, 25 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தவருக்கு அவை தவறாகக்கூடத் தெரிந்திருக்கும். அதற்குத்தான் வருகிறேன், அதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம். அதற்கு முன் குறிப்புகளை எங்கே வைப்பது என்பதைப் பார்த்துவிடலாம்.

தோற்றக் குறிப்பை உரைக்கு உள்ளேயே எழுதிவிடுவது ஒரு வழி. வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லுக்கு இருபுறமும் * போட்டால் அது தடித்துத் தெரிகிறதே, அது இந்த வகை. நட்சத்திரம் உரையின் பகுதியாகவே பயணம் செய்கிறது. வாங்கும் போன் அதைப் பார்த்துவிட்டுத் தடிக்க வைக்கிறது. 1987-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆர்டிஎஃப், பிறகு வந்த எச்டிஎம்எல், 2004-இல் வந்த மார்க்டவுன் எல்லாமே உரைக்குள் குறி வைக்கும் இந்தக் குடும்பம்தான்.

குறிப்புகளை உரைக்கு வெளியே, பக்கத்தில் வைப்பது இன்னொரு வழி. டெலிகிராமில் பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுதியவர்களுக்கு இது பழக்கமாக இருக்கும். அங்கே செய்தியின் உரை தனியாக வரும். அதோடு ஒரு பட்டியல் வரும்: வகை போல்டு, தொடக்கம் இத்தனை, நீளம் இத்தனை. போனின் நினைவகத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ரிச் டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்டும் பெரும்பாலும் இந்த வகைதான். உள்ளே குறிவைத்த உரை சேமிக்கவும் அனுப்பவும் வசதி. வெளியே குறிவைத்தது வரையவும் திருத்தவும் வசதி. ஒரே செயலியில் இரண்டும் இருப்பது சாதாரணம்.

எந்தத் தளத்தில் என்ன பெயர்

ஆண்ட்ராய்டில் குறிப்புக்கு ஸ்பேன் என்று பெயர். ஸ்பேன் தாங்கக்கூடிய உரை வகைகள் மூன்று இருக்கின்றன, புதியவர்கள் இவற்றில் நிச்சயம் குழம்புவார்கள். ஸ்பேன்ட் ஸ்ட்ரிங்கில் உரையும் மாறாது, குறிப்பும் மாறாது. ஸ்பேனபிள் ஸ்ட்ரிங்கில் உரை மாறாது, குறிப்பை மாற்றலாம். ஸ்பேனபிள் ஸ்ட்ரிங் பில்டரில் இரண்டையும் மாற்றலாம். எது வேண்டும் என்று சந்தேகம் வந்தால் பில்டரை எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஸ்பேனில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு போல்டு ஸ்பேனை உருவாக்கி, அதே ஆப்ஜெக்ட்டை ஒரே வரியில் இரண்டு இடங்களுக்குப் போட்டால் இரண்டும் தடிக்கும் என்று நினைப்போம். நடப்பது வேறு. முதல் இடத்திலிருந்து அது கழன்று இரண்டாவது இடத்துக்குப் போய்விடும், கடைசியில் போட்ட இடம் மட்டும்தான் தடிக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் புது ஸ்பேன் செய்தாக வேண்டும்.

ஆப்பிள் பக்கத்தில் என்எஸ் அட்ரிபியூட்டட் ஸ்ட்ரிங் என்பது பழைய ஆள். முன்னால் இருக்கும் அந்த என்எஸ், நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து மிச்சம். சாதாரண லேபிளில் அதை நேரடியாகக் கொடுக்கும் வசதி 2012-இல் ஐஓஎஸ் 6-உடன் வந்தது. 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் ஸ்விஃப்ட் மொழிக்கென்றே எழுதப்பட்ட அட்ரிபியூட்டட் ஸ்ட்ரிங் வந்தது. மார்க்டவுனில் எழுதிய வரியை அதுவே படித்துக்கொள்ளும். இன்று புதிதாகத் தொடங்குபவர் இதிலிருந்தே தொடங்கலாம், பழையதை வழியில் எதிர்ப்படும்போது தெரிந்துகொண்டால் போதும்.

ஆண்ட்ராய்டில் திரை அமைக்கும் புதிய கருவியான ஜெட்பேக் கம்போஸில் இதன் பெயர் அனோடேட்டட் ஸ்ட்ரிங். ஒரே நிரலில் இரு தளங்களுக்கும் செயலி எழுத உதவும் ஃப்ளட்டர் சற்று மாறுபட்டது, அங்கே எண் பட்டியலே கிடையாது. டெக்ஸ்ட்ஸ்பேன் என்பது ஒரு மரம். ஒரு தாய்த் துண்டு, அதன் கீழே பிள்ளைத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் தோற்றம். தாயின் தோற்றம் பிள்ளைக்கு இறங்கும், பிள்ளை வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளும். அதே வகைக் கருவியான ரியாக்ட் நேட்டிவும் டெக்ஸ்டுக்குள் டெக்ஸ்ட் வைக்கும் இதே முறைதான்.

எண்ணும்போது வரும் வினை

சரி, இப்போது அந்த 9-க்கு வருவோம்.

பேருந்து என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பே, ரு, ந், து. நான்கு. தமிழ் படித்த யாரைக் கேட்டாலும் நான்கு என்றுதான் சொல்வார்கள். கணினி எட்டு என்கிறது. ப, அதன் ஏகாரக் கொம்பு, ர, அதன் உகரக் குறி, ந, அதன் புள்ளி, த, அதன் உகரக் குறி. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில், அகரம் தவிர்த்த உயிர்மெய் எழுத்து ஒரே குறியீடாக இல்லை. மெய்யின் அகர வடிவம் ஒன்று, உயிர்க்குறி இன்னொன்று என்று இரண்டாக இருக்கிறது. புள்ளியும் தனிக் குறியீடுதான். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் பேருந்து 0 முதல் 7 வரை பிடித்துக்கொள்கிறது, இடைவெளி 8, மாலையின் ம 9. கண்ணால் எண்ணினால் அந்த ம ஐந்தாம் இடத்தில் இருக்கிறது. மணிக்குக் என்பது முடியும் இடத்தையும் இப்படியே பார்க்கலாம். கண் கணக்கில் 15, கணினிக் கணக்கில் 25. முடிவு எண் என்பது துண்டுக்கு அடுத்த இடம், அது துண்டில் சேராது.

கண் கணக்கை நம்பி, 5 முதல் 15 வரை போல்டு என்று கோடில் எழுதினால் என்ன ஆகும்? கணினி ஐந்தாம் இடத்தைத் தேடிப் போகும். அங்கே இருப்பது 'ந்' என்ற எழுத்தின் புள்ளி. அந்தப் புள்ளியில் தொடங்கி, 'து', மாலை, இடைவெளி எல்லாம் கடந்து 6 என்ற எண்ணோடு போல்டு நின்றுவிடும். ந மெலிந்த எழுத்தில், அதன் தலைப் புள்ளி தடித்த எழுத்தில். இப்படி ஓர் எழுத்தை நடுவில் வெட்டினால் ஃபாண்டால் இரண்டையும் ஒட்ட முடியாது. பல நேரங்களில் புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டம் வரும், அதன் தலையில் நம் புள்ளி தனியே உட்கார்ந்திருக்கும். தமிழ் தெரியாத டெவலப்பர் எழுதிய செயலிகளில் இந்த வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். உரை கெட்டுப்போகவில்லை, குறிப்பின் எல்லைதான் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது.

ஒரே சொல்லுக்கு எத்தனை வகை நீளம் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்டில் எழுத்துகளை எண்ணச் சொன்னால் 3 வரும், அது நம் கண் கணக்கோடு ஒத்துப்போகும். கோட்லின், ஜாவா, டார்ட், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகள் நான்கிலும் 5 வரும். கோ மொழியில் நீளம் கேட்டால் 15 வரும், ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். சர்வர் ஒரு மொழியிலும் போன் இன்னொரு மொழியிலும் இருந்தால், 'இங்கிருந்து இதுவரை போல்டு' என்று சர்வர் அனுப்பும் எண் போனில் வேறோர் இடத்தில் போய் விழும்.

இதில் ஒரு விஷயம் ரொம்ப நாள் ஒளிந்திருந்து ஆளைக் கவிழ்க்கும். சர்வர் பைத்தானில் இருந்து போன் கோட்லினில் இருந்தால் தமிழுக்கு இரண்டும் ஒரே எண்ணைத்தான் தரும், அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். ஒருவர் செய்தியின் தொடக்கத்தில் ஒரு சிரிப்பு முகத்தை வைப்பார். பைத்தான் அதை 1 என்று எண்ணும். கோட்லின் 2 என்று எண்ணும். அந்த முகத்துக்குப் பின்னால் வரும் எல்லாக் குறிப்பும் ஓர் இடம் நகர்ந்துவிடும். டெலிகிராம் தன் ஆவணத்தில் தொடக்கமும் நீளமும் யூடிஎஃப்-16 அலகில்தான் (கோட்லின் எண்ணும் அதே முறை) என்று தெளிவாக எழுதி வைத்திருப்பது இதனால்தான். நீங்கள் சர்வர் எழுதுபவரோடு பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: எந்த அலகில் எண்ணுகிறீர்கள்?

ஸ்விஃப்டில் எழுதுபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை ஒன்று. மொழி 3 என்று எண்ணும், ஆனால் குறிப்பின் எல்லையைச் சொல்லும் பழைய என்எஸ் ரேஞ்ச் 5 என்று எண்ணும் உலகத்தைச் சேர்ந்தது. இரண்டையும் கலக்கும் இடத்தில் எண்ணைக் கையால் போடாதீர்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றித்தர ஆயத்த வழி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

'கொ' போன்ற எழுத்துகளில் இன்னும் ஒரு நுணுக்கம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கொடி என்ற சொல் ஒரு வகையில் 4, இன்னொரு வகையில் 5. நடுவில் யாராவது உரையை ஒருசீராக்கினால், அதாவது எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றினால், எண்கள் நகரும். ஒருசீராக்குவதை முதலில் முடித்துவிட்டு, அதற்குப் பிறகே குறிப்பு போட வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டுப் பயந்துவிட வேண்டாம். எண்ணவே தேவையில்லாத வழி இருக்கிறது. உரையைத் துண்டு துண்டாக அடுக்குங்கள். முதலில் 'பேருந்து', ஓர் இடைவெளி. பிறகு போல்டைத் திறந்து 'மாலை 6 மணிக்குக்' சேர்த்து போல்டை மூடுங்கள். கடைசியில் இடைவெளியோடு 'கிளம்பும்'. ஸ்பேனபிள் ஸ்ட்ரிங் பில்டர், கம்போஸின் அனோடேட்டட் ஸ்ட்ரிங் பில்டர், ஃப்ளட்டரின் மரம் மூன்றிலும் இப்படிச் செய்யலாம். எண்ணும் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும். உரை முழுவதும் உங்கள் கையில் இருக்கும்போது எண்ணைக் கையால் எழுதுவது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து. துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி விட்டுப்போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடலில் மஞ்சள் பூசுவது

எண்ணாமல் தப்பிக்க முடியாத இடம் ஒன்று உண்டு, தேடல். பயனர் தட்டிய சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் மஞ்சள் பூச வேண்டும்.

நான் ஓர் அகராதிச் செயலி எழுதிக்கொண்டிருந்தபோது இதில் இரண்டு நாள் போனது. தேடல் பெட்டியில் 'மல' என்று தட்டினால் மலர், மலடு எல்லாம் அழகாக மஞ்சளில் வந்தன. மலை மட்டும் உடைந்து நின்றது. ல-வுக்கு மஞ்சள், அதற்குப் பிறகு ஒரு வெற்று வட்டமும் ஐகாரக் குறியும். காரணம் இதுதான். உரையில் ம, ல, ஐகாரக் குறி என்ற வரிசை இருக்கிறது. தேடல் 'மல' என்ற இரண்டையும் கண்டுபிடித்து அங்கேயே எல்லையை வைத்துவிட்டது. திரையில் ஐகாரக் குறி ல-வுக்கு இடப்பக்கம் போய் நிற்க வேண்டும். நடுவில் எல்லை விழுந்ததால் அதற்குப் போக வழியில்லை.

தீர்வு எளியது. கண்டுபிடித்த எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், முழு எழுத்து முடியும் இடம்வரை நீட்ட வேண்டும். இதற்கு ஆண்ட்ராய்டில் பிரேக் இட்டரேட்டர் என்று ஒன்று இருக்கிறது, எழுத்து எல்லை எங்கே என்று கேட்டால் சொல்லும். ஐஓஎஸ்ஸிலும் ஓர் எல்லையை முழு எழுத்துகளுக்கு நீட்டித்தரும் வழி உண்டு. டார்ட்டில் கேரக்டர்ஸ் என்ற பேக்கேஜ் முழு எழுத்துகளாகவே பிரித்துத் தரும். நீட்டிய பிறகு 'மலை' முழுதாக மஞ்சளில் வந்தது. தட்டியது 'மல' தானே, ஐகாரத்துக்கும் ஏன் மஞ்சள் என்று யாரும் கேட்கவில்லை. பாதி தட்டிக்கொண்டிருப்பவருக்கு அதுதான் இயல்பாகத் தெரிகிறது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பணம் அனுப்பும் செயலி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 'கண்ணனுக்கு 500 ரூபாய் அனுப்பினீர்கள்' என்ற வரியில் பெயரைத் தடிக்க வைக்க வேண்டும். பெயர் 'கண்ணன்' என்று சேமிக்கப்பட்டிருக்கிறது. அதை வரிக்குள் தேடினால் கிடைக்காது! கண்ணன் என்பதன் கடைசியில் ன-வும் புள்ளியும் இருக்கின்றன. கண்ணனுக்கு என்பதில் அந்தப் புள்ளி போய் உகரக் குறி வந்துவிட்டது. மனிதக் கண்ணுக்குப் பெயர் அப்படியே உள்ளே தெரிகிறது, கணினிக்கு அது வேறு சரம்.

இதைச் சமாளிக்கத் தெரியாத செயலிகள்தான் 'கண்ணன்க்கு' என்று எழுதுகின்றன. படிக்கவே வருத்தமாக இருக்கும். பெயர் எப்போதும் மாறாமல் நிற்கும்படி வாக்கியத்தை அமைப்பதே எனக்குத் தெரிந்த நல்ல வழி. 'அனுப்பியது: 500 ரூபாய். பெற்றவர்: கண்ணன்' என்று எழுதிவிட்டால் தேடவும் வேண்டாம், விகுதி ஒட்டவும் வேண்டாம்.

நம் பேருந்து வரியிலும் இதன் சிறு வடிவம் இருக்கிறது. 'மணிக்குக் கிளம்பும்' என்பதில் உள்ள அந்த ஒற்று அடுத்த சொல்லால் வந்தது. கிளம்பும் என்பதை மாற்றிப் 'புறப்படும்' என்று வைத்தால் 'மணிக்குப்' என்று ஆகும். 'வரும்' என்றால் ஒற்றே கிடையாது. நேரத்தை ஒரு துண்டாகவும் வினையை ஒரு துண்டாகவும் வைத்து அடுக்கும் செயலியில் அந்த ஒற்று எந்தத் துண்டைச் சேர்ந்தது? வினை மாறக்கூடியது என்றால், நேரம் மட்டும் தனியாக நிற்கும்படி 'கிளம்பும் நேரம்: மாலை 6 மணி' என்று எழுதிவிடுவது நல்லது.

மொழிபெயர்ப்பு வரும் இடமும் இதுதான். ஆங்கில வரியில் பெயர் கடைசியில் வரும், தமிழில் முதலில் வரும். ஆங்கில வரிக்குப் போட்ட எண்ணைத் தமிழுக்கும் பயன்படுத்தினால் வேறு ஏதோ சொல் தடிக்கும். அதனால் குறியை மொழிபெயர்ப்பவர் கையில் கொடுக்க வேண்டும், வரிக்குள்ளேயே, எந்தச் சொல்லைச் சுற்றி வைப்பது என்று அவரே முடிவு செய்யும்படி. ஆண்ட்ராய்டின் ரிசோர்ஸ் ஃபைலில் போல்டு குறியையும், அனோடேஷன் என்ற பொதுக் குறியையும் இப்படி வைக்கலாம். ஆனால் அந்த வரியைக் கெட்ஸ்ட்ரிங் மூலம் எடுத்தால் குறிகள் எல்லாம் உதிர்ந்து வெறும் உரைதான் வரும். கெட்டெக்ஸ்ட் மூலம் எடுக்க வேண்டும். இந்த ஒரு சொல் வித்தியாசத்துக்காகப் பாதி நாளைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தட்டினால் திறக்க வேண்டும்

வரிக்குள் ஒரு சொல்லை லிங்க் ஆக்குவதும் குறிப்புதான், போல்டுக்குப் பதில் முகவரி. ஒவ்வொரு தளத்திலும் ஒரு சின்ன விஷயம் மறந்துபோகும். ஆண்ட்ராய்டின் பழைய டெக்ஸ்ட்வியூவில் லிங்க் நீல நிறத்தில் அழகாகத் தெரியும், தட்டினால் ஒன்றும் நடக்காது. லிங்க் மூவ்மென்ட் மெத்தட் என்பதைப் போட்டால்தான் தட்டு வேலை செய்யும். ஐஓஎஸ்ஸின் பழைய யூஐலேபிள் லிங்கைத் திறக்காது, யூஐடெக்ஸ்ட்வியூ வேண்டும். ஃப்ளட்டரில் தட்டலைக் கவனிக்கும் ரெக்கக்னைசரை வேலை முடிந்ததும் நீங்களே விடுவிக்க வேண்டும், துண்டு அதைச் செய்யாது.

வெளியிலிருந்து வரும் உரையில் லிங்க் இருந்தால் கவனம் தேவை. திரையில் தெரியும் எழுத்து ஒன்றாகவும், உள்ளே இருக்கும் முகவரி வேறாகவும் இருக்கலாம். வங்கியின் பெயரை எழுதிவிட்டு வேறெங்கோ கொண்டுபோகும் ஏமாற்று வேலை இப்படித்தான் நடக்கிறது. யாரோ ஒருவர் தட்டி அனுப்பிய செய்தியைக் காட்டும் செயலி என்றால், திறக்கும் முன் உண்மையான முகவரியைக் காட்டுங்கள். எச்டிடிபிஎஸ் தவிர வேறு வகை முகவரிகளை அப்படியே திறக்காதீர்கள்.

நிறத்தைச் சேமிக்காதே, காரணத்தைச் சேமி

குறிப்பில் 'சிவப்பு' என்று எழுதுவதா, 'எச்சரிக்கை' என்று எழுதுவதா? என் பதில் எப்போதும் இரண்டாவதுதான். அடர் சிவப்பு வெள்ளைத் திரையில் எடுப்பாக இருக்கும். இரவில் போன் கறுப்புத் திரைக்கு மாறியதும் அதே சிவப்பு மங்கிப் படிக்க முடியாமல் போகும். 'எச்சரிக்கை' என்று சேமித்திருந்தால், வரையும் நேரத்தில் எந்தத் திரைக்கு எந்த நிறம் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எழுத்தின் அளவும் அப்படியே. 18 என்று எண்ணைப் பூட்டிவிடாமல், சுற்றியுள்ள எழுத்தைவிட இத்தனை மடங்கு பெரிது என்று வையுங்கள். கண்பார்வை குறைந்த பெரியவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் 200 சதவீதம்வரை பெரிதாக்கலாம். எல்லா வரியும் பெரிதாகி, முக்கியமான சொல் மட்டும் 18-லேயே சிறுத்துக் கிடந்தால் யாருக்காகத் தடிக்க வைத்தோமோ அவருக்கே அது தெரியாது.

திரைவாசிப்பான்கள் பொதுவாகப் போல்டையோ நிறத்தையோ வாயால் சொல்வதில்லை. 'சிவப்பில் உள்ள இருக்கைகள் நிரம்பிவிட்டன' என்ற வரி பார்வையற்றவருக்கு ஒன்றும் சொல்லாது. செய்தி சொல்லிலேயே இருக்க வேண்டும், தோற்றம் அதற்குத் துணை. இன்னொன்று, தமிழும் ஆங்கிலமும் கலந்த வரியில் எந்தத் துண்டு எந்த மொழி என்றும் குறிப்பு போடலாம். ஆண்ட்ராய்டில் லொக்கேல் ஸ்பேன், ஐஓஎஸ்ஸில் பேச்சு மொழிக்கான பண்பு. இதைப் போட்டால் தமிழ்ச் சொல்லைத் தமிழ்க் குரலில் படிக்க வாசிப்பானுக்கு வழி கிடைக்கிறது. ரொம்பப் பேர் இதைச் செய்வதில்லை. செய்ய ஐந்து நிமிடம்தான் ஆகும்.

தமிழ் எழுத்துக்கே உரிய சில தோற்றச் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேர்ந்த ஃபாண்டில் தடித்த வடிவம் தனியாக இல்லையென்றால் கணினி இருப்பதையே ஊதிப் பெருக்கும். சின்ன அளவில் ண-வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அடிக்கோடு போட்டால் பு, ரு, ழு போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியை வெட்டிக்கொண்டு போகலாம், அதனால் தமிழில் அழுத்தம் காட்ட அடிக்கோட்டைவிடப் போல்டு நல்லது. வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து பூட்டிவிட்டால் மேலே இகர வளைவும் புள்ளியும் நறுக்கப்படும். ஒரு வரி தமிழைப் போட்டுப் பார்க்காமல் உயரத்தை முடிவு செய்யாதீர்கள்.

பயனரே தட்டும்போது

காட்டுவதோடு நில்லாமல் திருத்தவும் விட்டால், அதாவது குறிப்பேடு, மடல் போன்ற செயலி என்றால், ஒரு புதிய கேள்வி வரும். போல்டு சொல்லின் முடிவில் கர்சரை வைத்து ஓர் எழுத்து தட்டுகிறார். அது போல்டா, இல்லையா?

ஆண்ட்ராய்டில் ஸ்பேன் போடும்போதே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எல்லையில் தட்டுவதைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனியாக ஃப்ளாக் என்ற அமைப்புக் குறி உண்டு. போல்டுக்கு முடிவில் சேர்த்துக்கொள்வதுதான் பயனர் எதிர்பார்ப்பது, தட்டிக்கொண்டே போகும்போது தோற்றம் திடீரென்று மாறக்கூடாது. லிங்குக்கு நேர்மாறு. லிங்குக்குப் பின்னால் தட்டும் சொற்கள் எல்லாம் நீலமாகிக்கொண்டே போனால் எரிச்சல் வரும். ஐஓஎஸ்ஸில் அடுத்து தட்டப்போகும் எழுத்துக்கான பண்புகள் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை மாற்றி இதே பலனைப் பெறலாம்.

பேஸ்ட் செய்வது இன்னொரு தலைவலி. இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினால் அந்தப் பக்கத்தின் ஃபாண்ட், நிறம், பின்னணி எல்லாம் கூடவே வரும். உங்கள் செயலி எதையெல்லாம் அனுமதிக்கிறது என்று ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொண்டு, போல்டு, சாய்வு, லிங்க், பட்டியல் தவிர மற்றதை உதிர்த்துவிடுங்கள்.

சேமிக்கும்போது தளத்தின் சொந்த ஆப்ஜெக்ட்டை அப்படியே கோப்பில் போட வேண்டாம். நாளை ஐபோனில் எழுதியதை ஆண்ட்ராய்டில் திறக்க வேண்டிவரும். மார்க்டவுனோ, உரையும் குறிப்புப் பட்டியலும் கொண்ட ஜேசான் என்ற எளிய தரவு வடிவமோ போதும். எச்டிஎம்எல்லும் சரிதான், ஆனால் ஆண்ட்ராய்டின் ஆயத்த எச்டிஎம்எல் மாற்றி ஒரு சில குறிகளை மட்டுமே புரிந்துகொள்ளும். ஐஓஎஸ்ஸில் எச்டிஎம்எல்லிலிருந்து மாற்றுவதை, திரையைக் கவனிக்கும் முதன்மை த்ரெட்டில்தான் செய்ய வேண்டும், அது மெதுவானதும்கூட. நீளமான பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் அதைச் செய்தால் திரை உருளும்போது தட்டுத் தடுமாறும்.

முதன்முதலில் செய்து பார்க்க ஒரு சின்ன வேலை தருகிறேன். பேருந்து வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வையுங்கள். நேரத்தைத் துண்டாக அடுக்கித் தடிக்க வையுங்கள். கடைசியில் 'கொடைக்கானல் செல்லும் வழி' என்று ஒரு லிங்க் சேருங்கள். அப்புறம் போனில் எழுத்தை மிகப் பெரிதாக்கி, கறுப்புத் திரைக்கு மாற்றி, திரைவாசிப்பானை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியைக் கேளுங்கள். பிறகு தேடல் பெட்டி ஒன்றை வைத்து அதில் 'மண' என்று தட்டிப் பாருங்கள். 'மணிக்குக்' என்பதில் ணி முழுதாக மஞ்சளானால் எல்லை சரியான இடத்தில் இருக்கிறது.